ஜட்ஜுக்குப் போர்த்திய பொன்னாடை

இந்தக் காலத்து ஜனங்களுக்கு நடப்பதற்கும் கார் வேண்டியிருக்கிறது. வீட்டு வாசலில் காரில் ஏறி, மாலுக்குப் போய் இறங்கி, பூட்டிக் கிடக்கும் கடைகளைச் சுற்றிச் சுற்றி நடந்துவிட்டு, அலுப்பாக இருக்கிறதென்று மறுபடியும் காரில் ஏறி வீட்டுக்கு வருகிறார்கள். கேட்டால் உடம்புக்கு நல்லதாம். வழியில் எதிர்ப்படுகிறவன் யார், எவன் என்று தெரியாது. ஆனாலும் பல்லைக் காட்டி குட் மார்னிங் சொல்லியாக வேண்டும். நாலு மாதம் தினம் பல்லைக் காட்டியவன் செத்துப் போனால் நாம் எழவுக்குப் போக முடியாது. பெயரே தெரியாதே.

நஞ்சுண்டன் இதையெல்லாம் சொல்லிச் சொல்லி வாய் வலித்து, கடைசியில் தானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டார். வேறு வழியில்லை. 1998-ம் வருஷக் கடைசியில் நியூ ஜெர்சியில் வெளியே நடந்தால் மூக்கு தனியாகக் கழன்று விழும் போல இருந்தது. உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் வெறும் துண்டோடு நடந்த மனிதர். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் மகன் திருமூர்த்தி வீட்டுக்கு வந்த பிறகு அவரைப் பார்த்தால் மூட்டை கட்டிய கம்பளி வியாபாரி மாதிரி இருந்தது. தலையில் குரங்குக் குல்லா. உடம்பில் திருமூர்த்தியின் பழைய பச்சை ஜாக்கெட். அதன் மார்பிலும் முதுகிலும் மஞ்சள் எழுத்தில் ஒரு கம்பெனிப் பெயர். கம்பெனி பிக்னிக்கில் சும்மா கொடுத்தது. சும்மா கொடுத்ததை நம் ஆட்கள் நைந்துபோகும் வரைக்கும் விடமாட்டார்கள்.

மருமகள் சாந்தாமணி காலையில் குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விடும்போது அவரையும் மால் வாசலில் இறக்கிவிடுவாள். அங்கே அவருக்குப் பேச்சுத்துணை சிவராமகிருஷ்ணன். சென்னையில் ஏதோ கணக்கு ஆபீஸில் ரிட்டையர் ஆகி, மகனோடு இருக்கிறவர். அமெரிக்காவில் குப்பை லாரியைப் பார்த்தாலும் "என்ன ஒரு சிஸ்டம்" என்பார். நஞ்சுண்டனுக்கு அவரைப் பார்த்தாலே ஏறுக்கு மாறாகப் பேச வேண்டும் போல இருக்கும். அதனால்தான் தினமும் தேடிப் போனார்.

இன்னொரு ஆளும் உண்டு. நீலத் தொப்பி போட்ட வெள்ளைக்காரக் கிழவர். நெட்டையாக, கொஞ்சம் கூன் போட்டு, இவர்களைத் தாண்டித் தாண்டிப் போவார். ஒவ்வொரு சுற்றிலும் நஞ்சுண்டனுக்குத் தலையை ஆட்டுவார். நஞ்சுண்டனும் ஆட்டுவார்.

"வாச்மேனா இருந்து ரிட்டேர் ஆயிருப்பானுங் சார்," என்றார் நஞ்சுண்டன் ஒருநாள். "ஷூவப் பாருங்க, அடி தேஞ்சு கெடக்குது."

"ஷூவப் பாத்து மனுஷாள எடை போடப்படாது. இங்க ஹெலிகாப்டர் வச்சிருக்கறவனும் இப்படித்தான் வருவான்."

"ஹெலிகாப்டர் வச்சிருக்கறவன் எதுக்கு இங்க வந்து பூட்டுன கடையச் சுத்தறான்?"

சிவராமகிருஷ்ணன் நடையை எட்டிப் போட்டார். நஞ்சுண்டனுக்கு அன்றைக்கு நடை நன்றாக இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் திருமூர்த்திக்கு வினை வந்தது. பச்சை ஜாக்கெட் கொடுத்த அதே கம்பெனி. டெக்ஸாஸில் ரவுண்ட் ராக் என்ற ஊரில் ராமசுப்ரமணியன் என்பவர் நடத்துவது. நம் ஊர்ப் பையன்களை விசாவில் கூட்டிவந்து, பெரிய பெரிய கம்பெனிகளுக்கு வேலைக்கு அனுப்பி, நடுவில் உட்கார்ந்து பிழைக்கிறவர். இப்படித்தான் திருமூர்த்தியும் இங்கே ஒரு மருந்துக் கம்பெனிக்கு வந்தான். ரெண்டாயிரமாவது வருஷம் பிறந்தால் கம்ப்யூட்டர் எல்லாம் படுத்துவிடும் என்று உலகமே அலறிக்கொண்டிருந்த நேரம். மருந்துக் கம்பெனிக்காரன் "நீயே எங்களிடம் சேர்ந்துகொள்" என்றான். இவனும் சேர்ந்துவிட்டான். ராமசுப்ரமணியன் கேஸ் போட்டுவிட்டார். 'என்னை விட்டுப் போனால் என் வாடிக்கைக்காரரிடம் ஒரு வருஷம் வேலை செய்யமாட்டேன்' என்று திருமூர்த்தி கையெழுத்துப் போட்டிருக்கிறானாம். உடனே தடை உத்தரவு வேண்டுமாம்.

தடை வந்தால் வேலை போகும். வேலை போனால் விசா போகும். விசா போனால் குடும்பத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"கூட்டியாந்தவனே கேஸ் போடறானா?" என்று கேட்டார் நஞ்சுண்டன். "அவனும் தமிழன்தானே?"

"அதனாலதானுங்கப்பா போடறான். வெள்ளக்காரனா இருந்தா போய்த் தொலைன்னு விட்டிருப்பான்."

அவன் டெக்ஸாஸ், இவன் நியூ ஜெர்சி. வேற வேற ஸ்டேட்காரர்கள் சண்டை போட்டால் ஃபெடரல் கோர்ட்டுக்குத்தான் போகும் என்று திருமூர்த்தியின் வக்கீலம்மா சொன்னாள். நஞ்சுண்டனுக்குக் கோர்ட் புதிதில்லை. ஊரில் வண்டித்தடம் ஒன்றுக்காகப் பங்காளியோடு பாதி ஆயுசு கேஸ் நடத்தியவர். ஒவ்வொரு முன்சீப்புக்கும் தடம் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று புரிகிற சமயத்தில் மாற்றல் உத்தரவு வந்துவிடும். புது ஆள் வந்து முதலிலிருந்து கேட்பார். கடைசியில் அந்தத் தடத்திலேயே தார் ரோடு வந்துவிட்டது. கேஸ் இன்னும் நடக்கிறது.

முதல் வாய்தாவுக்குத் திருமூர்த்தி வக்கீலம்மாவோடு முன்னாலேயே கோர்ட் இருக்கும் டிரெண்டனுக்குப் போய்விட்டான். நஞ்சுண்டனையும், ஃபெடரல் கோர்ட்டைக் கண்ணால் பார்த்தே தீர வேண்டும் என்று ஒட்டிக்கொண்ட சிவராமகிருஷ்ணனையும் சாந்தாமணி பின்னால் கொண்டுபோய் விட்டாள். உள்ளே பெஞ்சு பெஞ்சாகக் காலியாகக் கிடந்தது. எந்தப் பக்கம் ஹீட்டர் காற்று வருகிறது என்று பார்த்து நஞ்சுண்டன் உட்கார்ந்தார். அது ராமசுப்ரமணியன் பக்கம் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? குளிர் கட்சி பார்க்காது.

டவாலி இல்லை. செங்கோல் மாதிரி வெள்ளிக் கம்பு பிடித்து "ஒதுங்கு, ஒதுங்கு" என்கிற ஆள் இல்லை. யாரோ ஒருத்தர் எழுந்திருக்கச் சொன்னார். பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு கறுப்பு அங்கியில் ஒரு கிழவர் தானே நடந்து வந்து, தன் நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நெட்டை. கொஞ்சம் கூன்.

"ஏனுங் சார்," என்று சிவராமகிருஷ்ணனை இடித்தார் நஞ்சுண்டன். "நம்ம வாச்மேன்."

சிவராமகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். பிறகு ஏறக்குறைய கும்பிட்டுவிட்டார்.

நஞ்சுண்டன் முழுசாகவே கும்பிட்டார். எழுந்து நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி. ஜட்ஜ் பார்த்தார். குரங்குக் குல்லாவைப் பார்த்தார், ஜாக்கெட்டைப் பார்த்தார், அது உட்கார்ந்திருக்கும் பக்கத்தைப் பார்த்தார். புருவம் ஒருமுறை ஏறி இறங்கியது. தலையை மட்டும் ஆட்டவில்லை.

"மால்ல ஆட்டற தல இங்க ஆட மாட்டேங்குதே," என்று முணுமுணுத்தார் நஞ்சுண்டன். "நாக்காலில உக்காந்தா எல்லாவனும் ஒண்ணுதான்."

ஜட்ஜ் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, இரண்டு வாரம் தள்ளித் தேதி கொடுத்தார். வெளியே வந்ததும் திருமூர்த்திக்குக் கண்ணில் பட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்பா, இந்த ஜாக்கெட்டையா போட்டுட்டு வருவீங்க? கேஸ் போட்டவன் கம்பெனி ஜாக்கெட்."

"குளுருக்குத் தெரியுமா எந்தக் கம்பெனின்னு? வேற ஒண்ணு வாங்கிக் குடுத்தயா?"

அடுத்த வாரம் சிவராமகிருஷ்ணன் லைப்ரரிக்குப் போய்ப் பழைய பேப்பரை எல்லாம் புரட்டிவிட்டு வந்தார். மாலில் நடந்துகொண்டே ஜட்ஜின் சரித்திரத்தைக் கதாகாலட்சேபம் மாதிரி எடுத்துவிட்டார்.

"பேர் ஸ்டான்லி கொவாலிக். அப்பா இங்க பக்கத்து ஊர் பெர்த் அம்பாய்ல கேபிள் ஃபேக்டரித் தொழிலாளி. இவர் பகல்ல ரொட்டி ஃபேக்டரில வேலை பாத்துண்டு, ராத்திரி காலேஜ்ல சட்டம் படிச்சார்."

"ராத்திரி படிச்சவனுக்குத் தூக்கம் பாக்கி இருக்கும். அதான் அன்னைக்குக் கண்ண மூடிக்கிட்டே உக்காந்திருந்தான்."

"யோசனை பண்ணிண்டு இருந்தார்ங்காணும். அப்புறம் கவர்மென்ட் வக்கீல். லஞ்சம் வாங்கின ஒரு மேயரை ஜெயில்ல போட்டார்."

"மேயர் எந்தக் கட்சி?"

"எந்தக் கட்சியா இருந்தா என்ன?"

"இவனுக்கு ஜட்ஜ் வேல குடுத்த கட்சிக்கு எதுத்த கட்சியா இருக்கும். பாருங்க."

சிவராமகிருஷ்ணன் இருமினார். பேப்பரில் அப்படித்தான் போட்டிருந்தது. அதைத் தாண்டிப் போனார். "எழுபத்தாறுல பிரசிடெண்டே அப்பாயின்ட் பண்ணினார். செனட்ல கூப்பிட்டு உக்கார வச்சு கேள்வி கேட்டு, ஓட்டுப் போட்டு ஏத்துண்டா. அதுக்கப்புறம் ஆயுசுக்கும் வேலை. மாத்தல் கெடையாது. சம்பளத்தக் கொறைக்க முடியாது. பிரசிடெண்ட் நெனச்சாலும் அசைக்க முடியாது."

நஞ்சுண்டன் நின்றுவிட்டார். "மாத்தலே இல்லியா?"

"இல்லை."

"ரிட்டேரு?"

"அவரா ஆசைப்பட்டாத்தான்."

"அப்ப சாகற வரைக்கும் ஒரே நாக்காலி." நஞ்சுண்டன் மறுபடியும் நடக்க ஆரம்பித்தார். "எங்கூருல ஒரு பஞ்சாயத்துத் தலைவரு அப்படித்தான் உக்காந்திருந்தான். செத்தப்புறமும் நாக்காலியோடதான் தூக்கோணும்னு பேசிக்கிட்டாங்க."

"அப்படி இருந்தாத்தான் பயமில்லாம தீர்ப்புச் சொல்ல முடியும். ஆத்துல விஷத்தக் கொட்டின ஒரு கெமிக்கல் கம்பெனியை இழுத்து மூட வச்சார். கொன்னுடுவேன்னு ஃபோன் வந்தது. வாசல்ல போலீஸ் போட்டா. மறுநாளும் ஒன்பது மணிக்கு கோர்ட்டுல இருந்தார். தன்னை அப்பாயின்ட் பண்ணின பிரசிடெண்ட் கவர்மென்டுக்கு எதிராவே தீர்ப்புக் கொடுத்தார், தெரியுமா?"

"நன்றி கெட்டவன்," என்றார் நஞ்சுண்டன். "வேல குடுத்தவனுக்கே விசுவாசம் இல்ல. இவங்கிட்டப் போயி எம்பையன் கேசு மாட்டியிருக்குது."

சிவராமகிருஷ்ணனுக்குத் தலைசுற்றியது. ஜட்ஜ் ஒரு கட்சிக்குச் சாதகம் என்றாலும் தப்பு, இல்லை என்றாலும் தப்பு. ஜட்ஜுக்குப் பெண்டாட்டி செத்துப் போனது, நெஞ்சில் ஆபரேஷன் ஆனது, டாக்டர் சொல்லித்தான் நடக்கிறார் என்பது எல்லாம் சொல்வதற்குள் மூச்சு வாங்கிவிட்டது.

ஆனால் நஞ்சுண்டன் வேறு ஒன்றைக் கவனித்துக்கொண்டிருந்தார். நீலத் தொப்பி இப்போதெல்லாம் எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது. இவர்களைக் கண்டால் செருப்புக் கடைப் பக்கம் திரும்பிக்கொள்கிறது. தலை ஆட்டுவது சுத்தமாக நின்றுவிட்டது.

சிவராமகிருஷ்ணனைக் கேட்டால், கேஸ் நடக்கும்போது ஜட்ஜ் அப்படித்தான் ஒதுங்கி இருக்க வேண்டும் என்று பாடம் நடத்துவார். நஞ்சுண்டன் கேட்கவில்லை. அவருக்குத் தெரியாததா? நாலு பேர் எதிரில் ஒதுங்குகிறவன் தனியாக வா என்று அர்த்தம். உடுமலைக் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா இதைத்தான் படித்துப் படித்துச் சொன்னான். "பெரியவங்களப் பாக்கறப்ப கைய வீசிக்கிட்டுப் போகாதீங்க கவுண்டரே." ஒருமுறை பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு வந்த முன்சீப்புக்கு நஞ்சுண்டன் மேடை ஏறிப் பொன்னாடை போர்த்தினார். அந்த மாசமே இடைக்கால உத்தரவு அவர் பக்கம் வந்தது. அது தானாக வந்தது என்று சொல்ல அவர் ஒன்றும் கணக்கு ஆபீஸில் வேலை பார்த்தவர் இல்லை.

பொன்னாடைக்குப் பஞ்சமில்லை. அமெரிக்காவுக்குக் கிளம்பும்போது உடுமலை பஸ் ஸ்டாண்டில் அவருக்குப் போட்டது பெட்டியில் மடிப்புக் கலையாமல் இருந்தது. நம் ஊரில் பொன்னாடை ஒரு தோளில் தங்குவதில்லை. போட்டவன் கைக்கே ஒருநாள் திரும்பி வந்தாலும் ஆச்சரியமில்லை.

பனி கொட்டி, சிவராமகிருஷ்ணன் வராத ஒரு காலை. எவர்சில்வர் தட்டில் ஆரஞ்சு, வெற்றிலை பாக்கு, சாந்தாமணி சுட்ட முறுக்கு. மேலே பொன்னாடை. எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் மறைத்துக் கொண்டுபோனார். செருப்புக் கடை முன்னால் நீலத் தொப்பி குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தது. நிமிர்வதற்குள் நஞ்சுண்டன் சரிகை பளபளக்கப் பொன்னாடையை விரித்துப் போர்த்திவிட்டார். தட்டை நீட்டினார். நம் பழக்கப்படி ஒரு நிமிஷம் அப்படியே நின்றார், யாராவது போட்டோ எடுப்பார்கள் என்பது போல.

போட்டோ எடுக்க ஆள் இல்லை. ஆயுசுக்கும் மாற்றல் இல்லாத ஜட்ஜ், பச்சைச் சரிகைப் பொன்னாடையில், ஷூ தள்ளுபடி போர்டுக்குக் கீழே கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றார். முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. பொன்னாடையை எடுத்து அழகாக நாலாக மடித்துத் தட்டின் மேல் வைத்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். ஏதோ சொன்னார். நஞ்சுண்டனுக்கு 'நோ' மட்டும் புரிந்தது. போய்விட்டார்.

"கூச்சப்படறான்," என்று நினைத்தார் நஞ்சுண்டன். "மொத தடவ எல்லாரும் இப்படித்தான்."

வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. முறுக்கைத் தானே தின்றார்.

இரண்டாவது வாய்தாவுக்குத் திருமூர்த்தி உஷாராகத் தன் கறுப்பு ஓவர்கோட்டை அப்பாவுக்கு மாட்டிவிட்டான். குல்லாவைப் பிடுங்கிக் காரிலேயே போட்டான். நஞ்சுண்டன் கோட்டும் சூட்டுமாக, யாரோ சீமான் மாதிரி, இந்தத் தடவை சரியான பக்கத்தில் உட்கார்ந்தார். பக்கத்தில் சிவராமகிருஷ்ணன். எதிர்ப் பக்கம் டெக்ஸாஸிலிருந்து வந்த ராமசுப்ரமணியன், நெற்றியில் சின்னதாகக் குங்குமம், விலை உயர்ந்த டை.

ஜட்ஜ் உட்கார்ந்ததும் கேஸைத் தொடவில்லை. காகிதத்தைப் பார்க்காமல் நிதானமாகப் பேச ஆரம்பித்தார். பேசப் பேச ராமசுப்ரமணியன் பக்கத்து வக்கீல் நாற்காலி சுட்டது போல நெளிந்தார்.

"என்னங் சொல்றான்?"

சிவராமகிருஷ்ணன் காதில் குசுகுசுத்தார். "வாதியோட கம்பெனி பேர் போட்ட பச்சை ஜாக்கெட் போட்டுண்டு ஒருத்தர், போன தடவை வாதி பக்கம் உக்காந்திருந்தாராம். அவர் மால்ல தன்கிட்ட வந்து ஒரு துணியப் போர்த்தி, பழம் கொடுத்தாராம். தான் யாரையும் குத்தம் சொல்லலையாம். அந்த ஆள் யாருன்னு வாதி விளக்கணுமாம்." சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தினார். மெதுவாகத் திரும்பி நஞ்சுண்டனைப் பார்த்தார். "ஓய்."

"நேராப் பாருங் சார்," என்றார் நஞ்சுண்டன், உதடு அசையாமல்.

ராமசுப்ரமணியன் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். அப்படி ஒரு ஆளைத் தன் வாழ்நாளிலேயே பார்த்ததில்லை என்றார். அது சத்தியமான உண்மை. உண்மை பேசும்போது மனிதனுக்கு இவ்வளவு வியர்க்கும் என்று நஞ்சுண்டன் அன்றைக்குத்தான் பார்த்தார். பார்க்க நன்றாகவும் இருந்தது. குங்குமம் கரைந்து மூக்கில் இறங்கியது. திருமூர்த்தியின் வக்கீலம்மா பேனாவை எடுத்துக்கொண்டாள். கேஸ் போட்டவன் ஜட்ஜுக்குப் பழம் கொடுத்தான் என்றால் அப்புறம் தடை ஏது, உத்தரவு ஏது? அவள் முகத்தில் தீபாவளி.

கடவுள் கண்ணைத் திறந்துவிட்டார் என்று நஞ்சுண்டன் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்தார். அப்போது திருமூர்த்தி திரும்பினான்.

அப்பாவைப் பார்த்தான். பச்சை ஜாக்கெட், துணி, பழம். அவனுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. நஞ்சுண்டன் கையை மடியிலேயே வைத்து, உள்ளங்கையைக் கீழே அழுத்திக் காட்டினார். உக்காரு. சும்மா இரு. உன் வேலை, உன் விசா, உன் பொண்ணு பள்ளிக்கூடம் எல்லாம் இந்த ஒரு நிமிஷத்தில் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு இருப்பதற்குச் சட்டம் படிக்க வேண்டுமா?

திருமூர்த்தி எழுந்து நின்றான். வக்கீலம்மா கோட்டைப் பிடித்து இழுத்தாள். அவன் சொன்னது நாலே வார்த்தை. நஞ்சுண்டனுக்கே அந்த இங்கிலீஷ் புரிந்தது. தட் இஸ் மை ஃபாதர்.

ஜட்ஜ் கறுப்பு ஓவர்கோட்டுக்குள் குல்லா இல்லாத அந்தத் தலையைத் தேடிப் பிடித்தார். எழுந்திருக்கச் சொன்னார். யார் மொழிபெயர்ப்பது என்று கேட்டதும் சிவராமகிருஷ்ணன் ஜன்ம சாபல்யம் அடைந்தவர் போலக் கையைத் தூக்கினார்.

"ஏன் அப்படிப் பண்ணினேள்னு ஹிஸ் ஹானர் கேக்கறார்."

"பெரிய மனுசரப் பாக்கப் போனா வெறுங்கையோட போறது இல்லீங்க. அவ்வளவுதான்."

சிவராமகிருஷ்ணன் இதை இங்கிலீஷில் சொல்லச் சொல்ல நீண்டுகொண்டே போனது. இந்தியாவின் ஐயாயிரம் வருஷப் பண்பாடு எல்லாம் அதில் வந்த மாதிரி இருந்தது. நஞ்சுண்டன் சந்தேகமாக அவர் வாயையே பார்த்தார்.

"எம்பட ஒரு வரிக்கு இத்தன நேரமா? என்னங் சேத்துனீங்க?"

"சும்மா இரும். உங்க பையனுக்கு நீங்க பண்ணது தெரியுமான்னு கேக்கறார்."

"தெரிஞ்சா வுட்டிருப்பானா? இப்ப எந்திரிச்சு நின்னதப் பாத்தீங்கல்ல. பொழைக்கத் தெரியாதவன்."

இதற்கு மட்டும் மொழிபெயர்ப்பு சுருக்கமாக இருந்தது. ஜட்ஜ் கொஞ்ச நேரம் திருமூர்த்தியைப் பார்த்தார். பிறகு ராமசுப்ரமணியனிடம் வருத்தம் சொன்னார். நாற்காலியில் இருக்கிறவன் தன்னிடம் வருத்தம் சொன்னதில் அந்த மனிதருக்கு இன்னும் வியர்த்தது. கடைசியாக ஜட்ஜ் இரண்டு வரி சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

"என்னாச்சு?"

"கேஸ விட்டுட்டார். இனிமே தான் கேக்கறது நியாயமா இருக்காதாம். வேற ஜட்ஜுக்கு மாத்தியாச்சு." சிவராமகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றினார். "பிரசிடெண்டாலயே அசைக்க முடியாத மனுஷன். நீங்க நாலு ஆரஞ்சுல அசைச்சுட்டேள்."

நஞ்சுண்டனுக்கு உட்காரத் தோன்றியது. தடம் கேஸில் முன்சீப்புகளை மாற்றியதெல்லாம் சர்க்கார். மாற்றலே இல்லாத ஊரில் வந்து, மாற்றலைத் தன் கையால் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

வீட்டுக்குப் போகிற வழியில், டர்ன்பைக் நெடுஞ்சாலையில் கார் ஏறினதும் சாந்தாமணிதான் ஆரம்பித்தாள். "முறுக்கு எப்புடி காலியாச்சுன்னு நெனச்சேனுங் மாமா."

"புது ஜட்ஜ் ஒரு லேடி," என்றான் திருமூர்த்தி, ரோட்டைப் பார்த்தபடி. "ரொம்ப ஸ்ட்ரிக்ட்டாம். அட்டர்னி பயப்படறாங்க."

"நீ எந்திரிக்காம இருந்திருந்தா பழைய ஜட்ஜே இருந்திருப்பான். அந்த டை கட்டுனவன் இந்நேரம் ஜெயில்ல இருந்திருப்பான்."

"அவன் ஒண்ணும் செய்யலீங்கப்பா."

"அவன் கேசு போட்டானே, அது செய்யாததா?"

"அதுக்கு இதுவா?"

நஞ்சுண்டன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெற்ற பிள்ளை ரோட்டுக்கு வரும் போல இருக்கும்போது நியாயம் பேசுகிறவனிடம் என்ன பேசுவது? அன்று முதல் அவர் வீட்டில் வாய் திறக்கவில்லை. பேத்தி பள்ளிக்கூடத்துப் படத்தை எல்லாம் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒட்டியதை உரித்தெடுக்க வேண்டி வருமோ என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மாலுக்கும் போகவில்லை.

புது ஜட்ஜம்மா யாரையும் காக்க வைக்கவில்லை. ராமசுப்ரமணியனைக் கூண்டில் ஏற்றி ஒரே கேள்விதான் கேட்டாளாம். இந்தப் பையன் உங்களிடமிருந்து எந்த ரகசியத்தை எடுத்துக்கொண்டு போனான்? அவர் யோசித்து யோசித்து, இருபத்தெட்டு வயசில் கூட்டிவந்தேன், வரும்போதே வேலையெல்லாம் தெரிந்துவைத்திருந்தான் என்று உண்மையைச் சொல்லிவிட்டார். அன்றைக்கு வியர்த்ததிலிருந்து அவருக்கு உண்மை சொல்லிப் பழக்கமாகிவிட்டது போலிருக்கிறது. அப்படியென்றால் அவன் பிழைப்பைத் தடுக்க எனக்குக் காரணமில்லை என்று தடையை மறுத்துவிட்டாள். ராமசுப்ரமணியன் கேஸைச் சுருட்டிக்கொண்டு ரவுண்ட் ராக்குக்குப் போய்விட்டார்.

மறுநாள் நஞ்சுண்டன் மாலுக்குப் போனார். சிவராமகிருஷ்ணன் வாசலிலேயே காத்திருந்தார்.

"கேட்டேளா? சட்டம்னா சட்டம். ஜட்ஜ் மாறினாலும் நியாயம் மாறலை பாத்தேளா?"

"அந்தம்மாவும் கொவாலிக்கும் ஒரே கட்டடம்தானே?"

"ஒரே கட்டடம்தான். அதுக்கு?"

"மத்தியானம் ஒண்ணா உக்காந்து ரொட்டி திம்பாங்கல்ல. 'அந்தக் கெழவன் பாவம், பாத்துச் செய்யி'ன்னு ஒரு வார்த்த போட்டிருப்பான். போத்துனது வீண் போகுமா?"

சிவராமகிருஷ்ணன் தலையில் அடித்துக்கொள்ளக் கை தூக்கினார். அந்தக் கை அப்படியே சலாம் ஆனது. நீலத் தொப்பி எதிர்ப்பக்கம் போகாமல் நேராக அவர்களிடமே வந்துகொண்டிருந்தது. வந்து நின்று, தலையை ஆட்டி, நஞ்சுண்டனிடம் கையை நீட்டியது. நஞ்சுண்டன் யோசித்துவிட்டுக் கொடுத்தார். ஜட்ஜ் நிதானமாகப் பேசினார்.

"கேஸ் முடிஞ்சதால இப்பத் தாராளமா பேசலாமாம்," என்றார் சிவராமகிருஷ்ணன். "அன்னைக்கு உங்க பையன் எழுந்து நின்னானே, அந்த மாதிரி தன் கோர்ட்டுல அபூர்வமாத்தான் பாத்திருக்காராம். நல்ல பிள்ளைய வளத்திருக்கேளாம். அப்புறம், அந்த ஜட்ஜம்மாகிட்ட இந்தக் கேசைப் பத்தித் தான் ஒரு வார்த்தை கூடப் பேசலையாம். அது உங்களுக்குத் தெரியணுமாம்."

"நான் கேட்டனா?" என்றார் நஞ்சுண்டன்.

"இல்லை."

"கேக்காம எதுக்குச் சொல்றான்?"

இதை சிவராமகிருஷ்ணன் மொழிபெயர்க்கவில்லை. வெறுமனே சிரித்தார். ஜட்ஜும் சிரித்தார்.

நஞ்சுண்டன் ஓவர்கோட்டுப் பையில் கை விட்டார். பசிக்கு என்று சாந்தாமணி போட்டுவிட்ட ஆரஞ்சு ஒன்று இருந்தது. எடுத்தார். ஜட்ஜின் முகத்தையே பார்த்துக்கொண்டு நீட்டினார். இந்தத் தடவை கை முதுகுக்குப் பின்னால் போகவில்லை. கொவாலிக் ஆரஞ்சை வாங்கிக்கொண்டார். மோந்து பார்த்தார். நன்றி சொல்லி, பையில் போட்டுக்கொண்டு, தேய்ந்த ஷூ சரக் சரக்கென்று நடந்து போனார்.

"என்ன ஒரு மனுஷன்," என்றார் சிவராமகிருஷ்ணன். கண் கலங்கியிருந்தது. "என்ன ஒரு எளிமை."

"பாத்தீங்களா?"

"எதை?"

"தீர்ப்புக்கு முன்னால நீட்டுனன், வாங்கல. தீர்ப்பு வந்துச்சு, வாங்கிக்கிட்டான்." நஞ்சுண்டன் ஓவர்கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டார். "வேலைய முடிச்சுப்போட்டு வாங்கறவன். எங்கூருல எல்லாம் முன்னாடியே வாங்கிக்குவாங்க, அப்புறம் செய்வாங்களோ மாட்டாங்களோ. அந்த வகையில இவன் நல்லவன்தான், இல்லேங்கல."

"அது ஒரு ஆரஞ்சுங்காணும். வெறும் ஆரஞ்சு."

"நானும் அதத்தானுங் சொல்றன், ஒரே ஒரு ஆரஞ்சுல முடிஞ்சுபோச்சு," என்று சொல்லிவிட்டு, வந்த காரியம் முடிந்தவர் போல, பூட்டிய கடைகளைச் சுற்றாமல், நஞ்சுண்டன் வாசலைப் பார்த்து நடந்தார்.